வேம்பக்கா எழுப்பிவிட்ட வீடுகள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கட்டிலுக்கு நாடா மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன். பழைய நாடா நடுவில் தொய்ந்து தூளி மாதிரி ஆகியிருந்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புது நாடாவை இரும்புச் சட்டத்தில் சுற்றினோம். நான் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுக்க, அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு வந்தாள்.

"இழுத்துப் புடிடி. சோறு துன்னல?"

"இழுத்துக்கினுதாம்மா கீறேன். அறுந்துடப் போவுது."

"அறுந்தா அறுவட்டும். தொளதொளன்னு கீற கட்டில்ல எவ தூங்குவா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கட்டில் எப்படி இருந்தாலும் அவள் தூங்குவதில்லை என்பது எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய சில வாரங்களாகத் தூக்கம் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது. புது நாடா வேண்டும் என்று கேட்டதும் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை காலை குழாயடியில் விழுந்தாள். ரத்தக் கொதிப்பு, மூளையில் நாளம் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1997ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். அம்மாவுக்கு ஐம்பது வயது ஆகவில்லை.

அம்மாவின் பெயர் வேம்புலியம்மாள். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரே சிமென்ட் ஷீட்டுக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். அதில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அம்மாவின் பெற்றோர் இங்கேயே வயல் வேலை செய்தவர்கள். வயல்கள் மனையானபோது ஆண்கள் கம்பெனிக்குப் போனார்கள். அப்பா தங்கவேல், எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில், ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று ஷிப்ட், வாரம் ஒன்றாக மாறும்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி வேலை பார்த்த ஆள் பகலில் தூங்கினால், அந்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் ஈரத் துண்டு ஒன்று தொங்கும். துண்டைப் பார்த்தால் மீன்காரி கூவ மாட்டாள். பிள்ளைகள் அந்த வாசலில் விளையாட மாட்டார்கள். அம்மா துண்டோடு விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள். வண்டிக்காரன் மணி அடித்தால் கையை ஓங்கிக்கொண்டு ஓடுவாள். அப்பா தூங்கும்வரை அவள் காவல். ராத்திரி அப்பா இல்லாத வீட்டில், ஒற்றைத் தாழ்ப்பாளை நம்பி, சின்னப் பெண்ணான என்னை வைத்துக்கொண்டு படுப்பாள். அப்போதும் காவல். முதல் ஷிப்ட் வாரம் வந்தால் இருட்டோடு அப்பாவை எழுப்ப வேண்டும். கடிகாரத்தை நம்ப மாட்டாள். எழுப்பும் நேரத்துக்கு முன்பே விழித்துக் காத்திருப்பாள்.

எண்பத்திமூன்று, எண்பத்திநாலு வாக்கில் அவளுடைய தூக்கம் முழுக்க அறுந்துவிட்டது. எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது. "ஒரு நாள் வர்ல. மறுநாளும் வர்ல. அப்புறம் அது பாட்டுக்கு எங்கியோ பூடுச்சு" என்பாள், ஆடு தொலைந்ததைச் சொல்வதுபோல.

லைன்காரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. முதலில் கேட்டவர் கடைசி வீட்டு குணசேகரன். டியூப் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகாதவர், படுத்தால் பிணம்.

"வேம்பக்கா, நீ எப்டியும் முழிச்சிக்கினுதானே கீற. என்னையும் ஒரு குரல் எழுப்பி வுட்டுடு."

"எழுப்பி வுட்டா இன்னா குடுப்ப?"

"என் தூக்கத்துல பாதி எடுத்துக்க."

அம்மா ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு வீடாகச் சேர்ந்தது. அவரவருக்கு ஒரு முறை வைத்திருந்தாள். கன்னியம்மாள் வீட்டுத் தகரக் கதவில் வளையலால் தட்டினால் போதும். குணசேகரனுக்கு, "டேய் குணா, உங்க கம்பெனி பத்திக்கினு எரியுதுடா" என்று கத்த வேண்டும். பஞ்சவர்ணம் என்ற பெண் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செய்தாள். புருஷன் விட்டுப் போனவள், கையில் குழந்தை. அவளுக்குக் குரல் காதில் ஏறாது. ஜன்னல் கம்பி வழியாகத் துடைப்பக் குச்சியை விட்டு உள்ளங்காலைக் குத்த வேண்டும். ஆனால் இவர்களில் ஒருவருக்கும் அம்மா இருந்தவரை ஷிப்ட் தவறியதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியே பார்த்தவர்களுக்கு அவள் லைனின் கெட்டிக்காரி. உள்ளே எங்களுக்குத்தான் தெரியும். கண் எப்போதும் மிளகாய்ப் பொடி பட்டதுபோல் சிவந்திருக்கும். குழம்பில் உப்பை இரண்டு தரம் போடுவாள், மறுநாள் போடவே மாட்டாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருக்கிறாள். காரணம் இல்லாமல் என்னை அடித்துவிட்டு, அதற்காக அழுவாள். பொழுது சாய்ந்தால் அவள் முகம் மாறும்.

"ராவு வந்தாலே பயமா கீதுடி. எல்லாரும் சேர்ந்து என்னை மட்டும் வுட்டுட்டு ஊருக்குப் பூட்ட மாதிரி கீது."

அருகில் இருந்த எங்களை அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அப்பாவின் ஈஎஸ்ஐ அட்டையில் டிஸ்பென்சரியில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். பூந்தமல்லியில் ஒரு சித்த வைத்தியர், சூரணமும் தலைக்குத் தைலமும் தந்தார். தைலம் தேய்த்த தலையணையின் வாடையில் எனக்கும் அப்பாவுக்கும்தான் தூக்கம் போயிற்று. கசகசா அரைத்த பால், எருமைப் பால், கோயிலில் மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாள். ஒரு முறை கன்னியம்மாளோடு ஆவடியில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்தாள்.

"எப்டிம்மா இருந்துச்சு?"

"சும்மா சொல்லக் கூடாதுடி. அவரு மைக்குல கத்த கத்த, நான் தூணுல சாஞ்சி நல்லாத் தூங்கிட்டேன். அல்லேலூயான்னாங்க, முழிச்சிக்கினேன். அவ்ளோதான்."

"அப்போ தெனம் போயேன்."

"தூங்கறதுக்கா கூட்டம் போடறாங்க? தொரத்திடுவாங்க."

எது கொடுத்தாலும் ஒரு வாரம் குணம் தெரியும், பிறகு தெரியாது. தொண்ணூற்றொன்றில் அப்பாவின் பட்டறையில் ராத்திரி ஷிப்ட்டை எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பகல் வேலை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அப்பா எட்டு மணிக்குப் படுத்துக் குறட்டை விட்டார். அம்மா விழித்திருந்தாள்.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, எஸ்டேட்டில் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். என் வேலை, செய்து முடித்த பேனலைச் சோதித்துப் பழுதைக் கண்டுபிடிப்பது. அம்மாவின் பழுது மட்டும் பிடிபடவில்லை.

தொண்ணூற்றாறு கோடையில் ஒரு மத்தியானம் அம்மாவைக் காணவில்லை. வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் உலை. எல்லோரும் தேடினார்கள். குணசேகரன் சைக்கிளில் போய், பட்டரவாக்கம் ஸ்டேஷனில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். வெயிலில், பிளாட்பாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தாளாம்.

"இன்னாம்மா பண்ண அங்க?"

"ஒண்ணியும் இல்லடி. எலக்ட்ரிக் டிரெயின்ல போறவங்க எல்லாரும் தூங்கிக்கினே போறாங்க. பாக்க நல்லா இருந்துச்சு."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாளே நான் லீவு போட்டேன்.

யாரோ சொல்லி, முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட் ஒன்றில் கிளினிக் வைத்திருந்த ஒரு பெண் மனநல டாக்டரைத் தெரிந்துகொண்டேன். அம்மா வர மறுத்தாள்.

"என்னைக் கீழ்ப்பாக்கம் கேஸுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பைத்தியத்துக்கு இல்லம்மா. தூக்கத்துக்கு."

"தூக்கத்துக்கு டாக்டரு, பசிக்கு டாக்டரு. அப்புறம் பேச்சுக்கு ஒரு டாக்டரு. உனக்கு அதத்தான் மொதல்ல பாக்கணும்."

ஆனால் வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் முதலில் மாத்திரை எழுதவில்லை. ஒரு நாள் எப்படிப் போகிறது என்று காலையிலிருந்து சொல்லச் சொன்னார். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நாலு மணிக்கு எழுந்து என்ன செய்வீங்க?"

"எழுப்பி வுடுவேன்."

"யாரை?"

"கன்னியம்மா, குணா, பஞ்சவர்ணம், அப்பால மோர்க்காரம்மா ஊட்டுப் பையன், எதிர் லைன்ல ரெண்டு பேரு..."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இதை ஒரு நோயின் பகுதியாக எண்ணிப் பார்த்ததே இல்லை. அது எங்கள் லைனின் ஏற்பாடு. தண்ணீர் வருவதுபோல, பால் வருவதுபோல.

"அவங்க சம்பளம் ஏதாவது தராங்களா?"

"ஐயோ, இல்லீங்கம்மா."

"அப்போ லீவும் கிடையாது."

அம்மா சிரித்தாள். பிறகு, டாக்டர் கேட்காமலே, எங்களிடம் இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். டிஸ்பென்சரி மாத்திரை உண்மையில் வேலை செய்ததாம். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டாள். அன்று காலை யாரையும் எழுப்பவில்லை. லைனில் பாதிப் பேருக்கு ஷிப்ட் போயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. "இன்னாக்கா, உடம்புக்கு ஆவலியா?" என்று வந்து வந்து விசாரித்தார்கள். அது அவளுக்கு அடியைவிட வலித்தது. பஞ்சவர்ணத்தை மட்டும் கம்பெனியில் கூப்பிட்டு, இன்னொரு தரம் நேரம் தவறினால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு நிறுத்திய மாத்திரையை அம்மா பிறகு தொடவில்லை. சூரணத்தையும் அப்படியேதான். தூக்கம் வருவதுபோல் இருந்தாலே நிறுத்திவிடுவாள்.

"உங்க உடம்பு தூங்கறத மறந்துடல," என்றார் டாக்டர். "காவலுக்கு உக்காந்திருக்கு. நீங்கதான் எழுந்து போகச் சொல்லணும்."

பிறகு விதிகளைச் சொன்னார். தூக்கம் கண்ணில் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போக வேண்டும். வராவிட்டால் எழுந்து வந்து உட்கார வேண்டும். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினமும் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், அதற்கு முன் கூடாது. பகலில் படுக்கக் கூடாது. மாத்திரை தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம். இரத்தக் கொதிப்பு அதிகமாக இருக்கிறது, அதற்குத் தனியாக மாத்திரை சாப்பிட வேண்டும். ஊரை எழுப்புவதை விட வேண்டும்.

"அவங்க சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இது எனக்குத் தெரிந்த வேலை. ஒரு டைமர், ஒரு ரிலே, கூரை ஓரமாக ஒயர், வேண்டியவர்கள் வீட்டில் ஒரு பெல். ஞாயிறு முழுக்க அப்பா ஏணி பிடிக்க, நான் ஒயர் இழுத்தேன். லைனே வேடிக்கை பார்த்தது.

"வனஜா, பெல்லுல உங்கம்மா குரல் வருமா?" என்றார் குணசேகரன்.

"வராது."

"அப்போ நான் எந்திரிக்க மாட்டேன்."

மறுநாள் காலை பெல் சரியான நேரத்துக்கு அடித்தது. முதல் ஷிப்ட்காரர்களோடு ஷிப்ட்டே இல்லாதவர்களும் எழுந்து வந்து என்னைத் திட்டினார்கள். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் வழக்கத்தைவிடச் சிவப்பு.

"பெல்லு எழுப்பிடுச்சாம்மா?"

"எங்க தூங்கினேன்? அடிக்குமா அடிக்காதான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அந்த வாரம் முழுவதும் பெல்லுக்குக் காவல் இருந்தாள். வார முடிவில் விடியுமுன் கரண்ட் போயிற்று. பெல் அடிக்கவில்லை. அம்மாதான் வீடு வீடாகப் போய் எழுப்பினாள். திரும்பி வந்து, "பாத்தியா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

பெல்லைக் கழற்றினேன். குறை கருவியில் இல்லை. எந்தக் கருவி வைத்தாலும் அதை நம்பி அவளால் கண் மூட முடியாது. டாக்டரிடம் சொன்னேன். "ஒரே நாள்ல எல்லா வீட்டையும் விடச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணா அவங்களே விடட்டும்," என்றார்.

அம்மா அப்படித்தான் செய்தாள். சாவி கொடுக்கும் டைம்பீஸ் வாங்கச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் சண்டை போட்டாள். வாங்கியவர்கள் வீட்டில் சில நாள் தானே போய் நின்று, அது அடித்து, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டாள். குணசேகரனுக்குக் கல்யாணம் ஆனது. அம்மா புதுப் பெண்ணிடம் போய், "கண்ணு, இனிமே கம்பெனி எரியுதுன்னு நீதான் கத்தணும்" என்று சொல்லிக் கொடுத்தாள். கன்னியம்மாள் தானே பழகிக்கொண்டாள். இப்படி ஒரு வருடம் ஆயிற்று. வீடுகள் குறையக் குறைய அம்மா எழும் நேரம் தள்ளிப்போனது. நடு ராத்திரியில் எழுந்து உட்கார்வது குறைந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கட்டிலைப் பற்றி, கொசுவைப் பற்றி, தூங்குகிறவர்கள் சொல்லும் புகார்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. மிச்சம் இருந்த பஞ்சவர்ணத்துக்கும் வார லீவு, எழுப்ப யாரும் இல்லை. நான் கண் விழித்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது. அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு ஒரே சீராக வந்தது. மணி ஆறைத் தாண்டி வெகுநேரம். டாக்டரின் விதிப்படி எழுப்ப வேண்டும். வெளியே வந்தேன். கதவின் தாழ்ப்பாளில் ஈரத் துண்டு தொங்கியது. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, ஆறு மணிக்கு எழுப்பணும்னு டாக்டர் சொல்லிக்கீறாங்க."

"சொல்லட்டும்."

"ரூல்ஸ் அது. இல்லன்னா மறுபடியும் கெட்டுடும்."

"போடி. உங்க டாக்டராண்ட என் பேரச் சொல்லு." அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். மீன்காரி தெருமுனையில் திரும்பினாள். அப்பா எழுந்து நின்று கையை ஓங்கிக் காட்டினார். அவள் துண்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "யாரு, வேம்பக்காவா?" என்று வாயசைத்துக் கேட்டுவிட்டு, கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போனாள்.

நானும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுப்பவில்லை.

மிச்சம் இருந்தது பஞ்சவர்ணம் வீடு ஒன்றுதான். அவளிடமும் ஒரு பழைய டைம்பீஸ் இருந்தது, மணி அடிக்காது. புதிது வாங்கிக்கொள் என்று அம்மா சொன்னபோதெல்லாம் "அடுத்த மாசம்க்கா" என்பாள். அம்மா அவளை வற்புறுத்தவில்லை. கம்பெனியில் அவளுக்குச் சொல்லி அனுப்பியது அம்மாவின் மனதிலிருந்து போகவே இல்லை. அவளுக்காக மட்டும், தூக்கத்தின் நடுவில், இருட்டில் எழுந்து துடைப்பக் குச்சியோடு போய்வந்தாள். திரும்பி வந்தால் மறுபடி கண் மூடாது. ஆகஸ்ட் முதல் வாரம் டாக்டர் அம்மாவிடம், "அந்த ஒரு வீட்டையும் விட்டுட்டா நீங்க என்கிட்ட வர வேண்டாம்" என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள்.

அதன் பிறகு அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியாது. காரியம் முடிந்த மறுநாள் பஞ்சவர்ணம் வந்தபோதுதான் தெரிந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், அழுதாள்.

"உள்ள வாக்கா."

"இல்ல வனஜா. கேக்கக் கூடாது. கேக்க வாய் வர்ல."

"இன்னா, சொல்லு."

"அக்கா என் டைம்பீச எடுத்துக்கினு போனாங்க. புச்சு வாணாம், இதயே ரிப்பேர் பண்ணிடலாம், எனக்குக் குமணன்சாவடில ஒரு கடை தெரியும்னாங்க. சனிக்கிழம குடுத்துட்டு வந்தாங்க. அடுத்த சனிக்கிழம வாங்கியாந்து, நானே நின்னு அடிக்குதான்னு பாத்துட்டு வுட்டுடறேன்னு சொன்னாங்க."

சனிக்கிழமை கொடுத்திருக்கிறாள். ஞாயிறு என்னோடு உட்கார்ந்து நாடா கோத்திருக்கிறாள். வியாழன் போய்விட்டாள்.

"எந்தக் கடைன்னு சொன்னாங்களா?"

"பஸ் ஸ்டாண்டாண்டன்னாங்க. பேரு சொல்லல."

"இப்ப எப்டிக்கா வேலைக்குப் போற?"

"தூங்கறதில்ல," என்றாள் பஞ்சவர்ணம். "பயமா கீது. உக்காந்துக்கினே இருக்கேன்."

குமணன்சாவடியில் பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கடிகாரக் கடைகள் சில இருக்கின்றன. அம்மா சொன்ன சனிக்கிழமை போய்விட்டது. பஞ்சவர்ணத்தின் டைம்பீஸ் அதில் ஏதோ ஒரு கடையில், வாங்க ஆள் வராமல் இன்னும் இருக்கிறது.